ரோஸ் ஹில் ரயிலில் ஒரு தங்க வேல்!

"ஐயோ! வேல் போச்சு!"

வேலைக்காரி சின்னம்மாவின் அலறலில் ரயில் விசிலே அமுங்கிப் போயிற்று.

1926. தை மாதத்துக் காலை. போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில்லுக்கு மேடேறிக் கொண்டிருந்தது ரயில். பெட்டியில் ஐந்தே பேர்.

வழிகாட்டி ஐயாசாமி குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடினான்.

குட்லண்ட்ஸ் கிராமத்தில் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவன் அவன். இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்குத் தீவைச் சுற்றிக் காட்டலாமே என்று ஆசைப்பட்டுக் கிளம்பிய முதல் பயணம்! ஆசை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"டேய்!" அவன் சட்டையைப் பிடித்தார் துரைசாமி. நாகப்பட்டினத்து நெல் வியாபாரி. "ரயில் ஏறும்போது பெட்டியை நீதானே வாங்கி வச்சே? எடு வேலை!"

"ஐயா... நான் தொடவேயில்லைங்க! கீழே வச்சேன், அவ்வளவுதான்!"

சந்தனப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த விரல் நீளத் தங்க வேல் இல்லை!

சாதாரண வேலா அது? மூன்று வருஷம் முன்பு துரைசாமி வியாபாரத்துக்காக இதே தீவுக்கு வந்து காய்ச்சலில் கிடந்தார். பிழைக்க மாட்டார் என்று தந்தி போயிற்று. அவர் மனைவி அலமேலு நாகப்பட்டினத்தில் இருந்தபடியே ரோஸ் ஹில் மலைக்கோயில் முருகனுக்கு நேர்ந்துகொண்ட வேல்.

அலமேலு மட்டும் அலறவில்லை. தன் பெரிய கொண்டையை ஒரு தடவை சரி செய்துகொண்டாள்.

"எங்க வீட்டு வேண்டுதல் எல்லாம் ரயில்லதான் காணாம போகுது," என்றாள். "பழனிக்கு நேர்ந்த வெள்ளி விளக்கும் திண்டுக்கல் ரயில்லதானே போச்சு... ஏங்க?"

"இப்ப அது ரொம்ப முக்கியமா!" சீறினார் துரைசாமி.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் இவ் என்கிற ரயில் கார்டு. ஆறடி உயரம். தொப்பி கூரையில் இடித்தது.

"பா பூஜே!"

கை காட்டிய விதத்திலேயே புரிந்தது. எவனும் அசையக் கூடாது!

ஐயாசாமி தீவின் கிரியோல் மொழியில் விஷயத்தைச் சொன்னான். இவ் மீசையை நீவினான். பதில் சொன்னான். ஐயாசாமியின் முகம் வெளுத்தது.

"என்னடா சொல்றான்?"

"எல்லாரையும் சோதிக்கணுமாம். கிடைக்கலைன்னா ரோஸ் ஹில்ல... என்னைப் போலீஸ்ல ஒப்படைப்பாராம்."

ரோஸ் ஹில்லுக்கு இன்னும் இரண்டே ஸ்டேஷன்!

சோதனை நடந்தது. ஐயாசாமியின் பையில் கைக்குட்டையும் இரண்டு லிச்சிப் பழமும். துரைசாமியின் மடியில் மூக்குப்பொடி டப்பி. பெண்களின் மூட்டைகளைச் சின்னம்மா உதறிக் காட்டினாள். முறுக்குதான் கொட்டியது.

மூலையில் ஒருவன் கண்ணை மூடி முணுமுணுத்துக் கொண்டிருந்தான். மஞ்சள் வேட்டி. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மடியில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய பால் சொம்பு. போர்ட் லூயிஸில் தொற்றிக்கொண்ட பக்தன் ராமசந்திரன்.

இவ் அவனிடம் கை நீட்டினான்.

"தொடாதே!" பாய்ந்தார் துரைசாமி. "காப்புக் கட்டின சாமி! மேல கை பட்டா விரதம் கெட்டுடும்!"

இவ் பயந்து கையை இழுத்துக்கொண்டான். அவன் அம்மாவே ஒரு தடவை காவடிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டவள்.

கொரொமாந்தெல் ஸ்டேஷன் போயிற்று. இன்னும் ஒரே ஸ்டேஷன்!

ஐயாசாமி நெற்றியைத் துடைத்தான். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. குட்லண்ட்ஸில் நாளைக்கு எந்த முகத்தோடு நடப்பது? திருட்டுப் பயல் என்பார்களே!

யோசி... யோசி...

சற்று முன் கடந்த பெரிய ஆற்றுப் பாலம்! "பாருங்க, பாருங்க, எம்மாம் பள்ளம்!" என்று எல்லாரையும் ஜன்னலுக்கு இழுத்தது யார்? துரைசாமி! ஜன்னலுக்கு வராதது யார்?

அவன் பார்வை மஞ்சள் கயிற்றில் போய் நின்றது.

"சாமி... எந்தக் கோயில்ல காப்பு?"

"குட்லண்ட்ஸ்," என்றான் ராமசந்திரன், கண்ணைத் திறக்காமல். "பூசத்தன்னிக்கு அங்கதான் காவடி."

"பூசத்துக்கு எத்தனை நாள் இருக்கு?"

"அஞ்சு நாள்."

"அப்படியா!" ஐயாசாமி எழுந்தான். "எங்க ஊர்ல காப்புக் கட்டினவன் காவடி இறக்கற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டான். சாமி எப்படி ரயிலே ஏறினீங்க?"

ராமசந்திரனின் கண்கள் படக்கென்று திறந்தன!

ஐயாசாமி சொம்பைப் பிடுங்கினான். துணியை அவிழ்த்தான். ஜன்னல் வழியே பாலைச் சாய்த்தான்.

ணங்!

சொம்பின் அடியில் வேல்!

"வொலேர்!" திருடா என்று கர்ஜித்து ராமசந்திரனின் கழுத்தில் கை வைத்தான் இவ்.

"நான் ரோஷ் புவாவுல இருக்கற துறைமுகக் கூலிங்க!" அலறினான் பக்தன். "இந்த ஐயாதான் எடுக்கச் சொன்னாரு! காப்புக் கட்டிக்கோ, ஒருத்தனும் சோதிக்க மாட்டான்னாரு!"

எல்லாத் தலைகளும் துரைசாமி பக்கம் திரும்பின.

"பொய்! பச்சைப் பொய்!" என்றவர், அலமேலுவின் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "பின்னே என்ன... காய்ச்சல் தானா இறங்கிச்சு. அதுக்குத் தங்கத்தைத் தூக்கிக் குடுக்கணுமா? மனசு வரலை. திருடு போச்சுன்னா சாமியும் கேக்காது, நீயும் கேக்க மாட்டே..."

"அதுக்கு என்னைப் போலீஸ்ல மாட்டிவிடுவீங்களா?" ஐயாசாமி கத்தினான். வாழ்க்கையில் ஒரு பணக்காரனைப் பார்த்து அவன் கத்தியது அதுதான் முதல் தடவை. நன்றாகவே இருந்தது.

துரைசாமி அதைக் காதில் வாங்கவில்லை. சொம்பிலிருந்து வேலை எடுத்து ஆசையாகத் துடைத்தார்.

விரலோடு பொன் ரேக்கு உரிந்து வந்தது!

உள்ளே... பித்தளை!

"ஐயையோ! தட்டான் ஏமாத்திட்டான்!"

"தட்டான் நல்லவர்," என்றாள் அலமேலு. "பித்தளையில ரேக்கு ஒட்டிப் பெட்டியில வச்சது நான்."

கொண்டைக்குள் கையை விட்டாள். உருவினாள். காலை வெயிலில் தகதகவென்று மின்னியது அசல் தங்க வேல்!

"வெள்ளி விளக்கு போன அன்னிக்கே உங்களைத் தெரியும். அசலைத் தலையில வச்சிட்டேன். நீங்க வாயைத் திறக்கட்டும்னுதான் பேசாம இருந்தேன்."

ஐயாசாமியைப் பார்த்ததும் அவள் குரல் தழைந்தது.

"தம்பி, அந்தக் கார்டு போலீஸ்னு சொன்னப்பவே நான் எடுத்திருக்கணும். உன்னை வேக வச்சுட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோ."

போ பாசென் ஸ்டேஷனும் நின்று புறப்பட்டது. அடுத்தது ரோஸ் ஹில்.

"போலீஸ்கிட்ட என்ன சொல்ல?" என்று இவ் கேட்டதை ஐயாசாமி தமிழில் சொன்னான்.

"திருடே போகலையே! வேல் இதோ இருக்கு," என்றாள் அலமேலு. ராமசந்திரனின் கையிலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்தாள். துரைசாமியின் கையை இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினாள். "முருகா, இவர் உனக்குக் காவடி எடுப்பாரு! குட்லண்ட்ஸ்லயே!"

"அலமேலு... அடுத்த வாரம் நமக்குக் கப்பல்!"

"நமக்கு இல்லைங்க. எனக்கும் சின்னம்மாவுக்கும். ஏன் தம்பி, காப்புக் கட்டினவர் கப்பல் ஏறலாமா?"

"ஊர் எல்லையே தாண்டக் கூடாதும்மா. கடலை எப்படித் தாண்டுவாரு?"

"பூசம் அஞ்சு நாள்ல முடிஞ்சிடுமே!" துரைசாமி அழுதார்.

"இந்த வருஷப் பூசம் முடியும்," என்றாள் அலமேலு. "நான் இப்ப நேர்ந்தது மூணு வருஷக் காவடி!"

ஐயாசாமி லிச்சிப் பழம் ஒன்றை உரித்துத் துரைசாமியிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க சாமி. நாளையிலேர்ந்து என் வயல்ல கரும்புக்குக் களை பறிக்கணும். தெம்பு வேணாமா?"