கப்பலின் இன்னொரு சக்கரம்

"என் தம்பி திருடன். அதை நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாப் போதும்" என்றபடியே வந்து உட்கார்ந்தார் படகுப் பட்டறைக்காரர்.

துப்பறிவாளர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த அவர் மச்சினனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "என்னத்தைத் திருடினார்?"

விஷயம் இதுதான். பட்டறையின் முன்னறையில், கதவுக்கு மேலே உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கொள்ளுத்தாத்தா செய்த மாதிரிக் கப்பல். கரையோரம் ஓடிய பழைய நீராவிக் கப்பலின் அச்சு அசல். துடுப்புச் சக்கரம் சுற்றி ஓடும் வகை. தான் இருக்கும்வரை பெட்டியை யாரும் தொடக்கூடாது, தொட்டவனுக்குப் பட்டறையில் இடமில்லை என்பது அப்பாவின் கட்டளை. தனக்குப் பிறகு கப்பல் சின்னவனுக்கு என்று போன வாரம் சொல்லியும் விட்டார். இன்று காலை பெட்டி திறந்து கிடந்தது.

"பித்தளைச் சக்கரம் அவன் கருவிப் பெட்டியில அகப்பட்டுச்சு. அப்பா காலம் முடியறவரைக்கும் பொறுக்கலை, இப்பவே கழட்டி விக்கப் பார்க்கிறான். சாயங்காலம் அவனை வெளியே அனுப்பணும். அதுக்கு முன்னாடி வெளி ஆள் ஒருத்தர் பார்க்கட்டும்னு அப்பா ஒரே பிடிவாதம்."

"நீங்க பெட்டியைத் தொட்டீங்களா?"

"அந்தப் பக்கமே போகலை. கீழே நின்னு பார்த்ததோட சரி."

"அப்பாவுக்குச் சின்னவர் மேல பிரியமோ?"

"நான் செஞ்ச படகைப் பார்த்தா 'பரவாயில்லை'ம்பார். அவன் செஞ்சதைத் தூக்கிட்டுத் தெருவெல்லாம் காட்டுவார்!" பட்டறைக்காரரின் குரலில் அத்தனை வருடப் புகைச்சலும் இருந்தது.

பட்டறையில் தம்பி, தலையெல்லாம் மரச்சுருளாக, பலகைகளுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு சக்கரத்தைத் தேடுறேங்க. ஒண்ணு என் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சோ, சத்தியமாத் தெரியாது. மத்ததும் இங்கதானே எங்கயாவது கிடக்கணும்? ரெண்டையும் அப்பா கையில குடுத்தாத்தான் எனக்கு மூச்சே வரும்."

"தேடிக் கிழிச்சது போதும், எழுந்திருடா" என்றார் அண்ணன்.

"அத்தான், ஒண்ணை ஒளிச்சு வெச்சுட்டு என்னமா நடிக்கிறார் பாருங்க!" என்று மச்சினன் கிசுகிசுத்தான்.

துப்பறிவாளர் அண்ணாந்து பார்த்தார். கப்பலின் இரண்டு பக்கமும் சக்கரம் இருந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, பெட்டிக்குள் கைவிட்டுத் தடவிவிட்டு இறங்கினார். "அப்பாவைக் கூப்பிடுங்க."

உள்ளறையிலிருந்து கிழவர் தடியூன்றி வந்தார்.

"ஐயா, இது பாதிக் கப்பல்தானே?"

கிழவர் திடுக்கிட்டார். "கண்டுபிடிச்சிட்டீங்களா! அந்தக் காலத்துல வாங்க வர்றவங்களுக்குக் காட்ட ஒரு பக்கம்தான் செதுக்குவாங்க. மறுபக்கமும் அதேதானே? நிலைக்கண்ணாடியில ஒட்டி வெச்சா முழுசாத் தெரியும். பசங்ககிட்டகூட நான் சொன்னதில்லை."

"அப்ப ரெண்டாவது சக்கரம்?" மச்சினன் வாயைப் பிளந்தான்.

"அது வெறும் பிம்பம்பா. கீழே நின்னு பார்த்தவனுக்குப் போனது ரெண்டு சக்கரம். அதான் சின்னவர், இல்லாத ஒண்ணைக் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கார். இருந்ததே ஒண்ணுதான்னு அப்பாவை விட்டா கழட்டினவனுக்குத்தான் தெரியும்." துப்பறிவாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "பெரியவரே, இன்னொண்ணு எங்கேன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே?"

அண்ணன் பலகை மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அண்ணே, கப்பல் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. குடுத்திருப்பேனே" என்றார் தம்பி.

"அதுதான்டா! குடுக்கிற இடத்துல நீ, கேக்குற இடத்துல நான்! திறந்து பார்த்தா பாதிக் கப்பல். அப்பவும் வயித்தெரிச்சல் அடங்கலை. அந்தப் பாதியையும் உனக்குத்தானே குடுத்தார்!"

கிழவர் தடியை உயர்த்தி வாசலைக் காட்டினார். தம்பி ஓடிவந்து அண்ணனுக்கு முன்னால் நின்று, தடியைத் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்பா. அண்ணன் இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் எழுந்தார். "இதுலயும் நீதான் நல்லவனா?" என்று கேட்டுவிட்டு, தம்பியைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.