ஊதாப் பின்விளக்குகள்

தண்டவாளத்தைக் கடந்தபோது முன்னால் போன காரின் பின்விளக்குகள் குலுங்கவில்லை.

வெல்மா டட்டனின் கார் நன்றாகவே குலுங்கியது. தரையோடு தரையாகத் தாழ்த்திக் கட்டிய கார் அது. முன் சக்கரங்கள் ஏறி இறங்கியதும் பின் சக்கரங்கள் ஏறி இறங்கியதும் இருக்கை வழியாக அவள் பல்வரைக்கும் வந்து சேர்ந்தன. அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த தம்பி ரஸ்ஸலின் ஃபோர்டும் அதே அளவுக்குத் தாழ்ந்ததுதான். ஆனால் மூடுபனிக்குள் அந்த இரண்டு ஊதாப் புள்ளிகள், தண்ணீரில் மிதப்பவை போல, ஒரு குலுக்கலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயின.

புது ஸ்பிரிங் போட்டிருப்பான், சொல்லவில்லை, என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபிறகும் மனம் அடங்கவில்லை.

விடிந்து நேரமாகியிருந்தது. சூரியன் மேலே எங்கோ இருந்தது. துலாரே வட்டாரத்தின் ஜனவரிப் பனி வானத்திலிருந்து இறங்குவதில்லை, ஈரமண்ணிலிருந்து எழுந்து நிற்கும். வற்றிப்போய்ப் பருத்திக் காடாகிவிட்ட பழைய ஏரிப்படுகையின் நடுவே கோடு கிழித்தாற்போல் போகும் அந்தச் சாலையில், இருபுறமும் அழுகிய பருத்திமாரின் வாடை, காருக்குள் புது இருக்கைத் தோலின் பசை நெடி, இரண்டுக்கும் அடியில் மெல்லிய பெட்ரோல் வாசம். விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடியே இருந்தன. கடற்கரைப் பக்கத்து ஊரில் இன்று பழைய கார்களின் கண்காட்சி. அவளுடைய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு மெர்க்குரி கார் முதல்முறையாக நாலு பேர் முன்னால் போய் நிற்கப்போகிறது.

பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு, குளிர்காலம் குளிர்காலமாக ஷெட்டில் படுத்துப் புரண்டு கட்டிய கார். கூரையை அறுத்துத் தாழ்த்தி, ஜன்னல்களைத் தபால்பெட்டியின் வாய் போல ஒடுக்கியிருந்தாள். கதவுகளின் கைப்பிடிகளைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, கண்ணாடிபோல் தேய்த்துவிட்டாள். மறைவாக ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் கதவு திறக்கும். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி நடுவே நீலக்குமிழ் வைத்தால் ஊதாவாக எரியும். ஒரே பெட்டியில் வாங்கி, அக்காவும் தம்பியும் ஆளுக்கு இரண்டாகப் பொருத்திக்கொண்டார்கள்.

புறப்படும்போதே தகராறு.

"பனி விலகட்டும்க்கா. கொலீனுக்கு எப்ப வேணா வலி வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் இந்தத் தடவை வரலை," என்றான் ரஸ்ஸல்.

"அப்பா ஆகப்போறேன்னதும் கை நடுங்குதோ? சைக்கிள் வாங்கித் தரவா?"

வரிசையில் கடைசியாக வரவேண்டிய நண்பன் சூயி பர்ரகான் தன் பழைய பிக்கப் வண்டியிலிருந்து தலையை நீட்டினான். "வாடா தம்பி. உங்கக்கா இன்னிக்குக் கோப்பை வாங்கலேன்னா நம்ம ரெண்டு பேரையும் ரேடியேட்டர்ல போட்டு வேக வெச்சிடுவா."

ரஸ்ஸல் சிரிக்கவில்லை. ஏறி, முன்னால் போனான்.

இப்போது வெல்மா வேகத்தைக் குறைத்தாள். ஊதாப் புள்ளிகளும் குறைத்தன. கூட்டினாள். அவையும் கூட்டின. இடைவெளி ஒரு முழம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மூவரும் பேசிக்கொள்ள ஆளுக்கொன்றாக வைத்திருந்த கைரேடியோ பக்கத்து இருக்கையில் கரகரத்தது.

"அம்மணி, எங்க இருக்கீங்க?" சூயி.

"ரஸ்ஸல் பின்னாடிதான். நீ எங்கே தொலைஞ்சே?"

"சரியாப் போச்சு! ரஸ்ஸல் இங்க என் பக்கத்துல நிக்கறான். தண்டவாளத்துக்கு முன்னாடி பெட்ரோல் பங்க் இருக்கே, அங்க. அவன் வண்டி கொதிச்சுப்போச்சு. நீங்க பாட்டுக்கு விர்ருன்னு போயிட்டீங்க."

"விளையாடாதே சூயி."

பிறகு ரஸ்ஸலின் குரல். "அக்கா, நிஜமாத்தான். நான் இங்கதான் இருக்கேன். நீ யார் பின்னாடி போறே?"

பிரேக்கை மிதித்தாள்.

முன்னால் ஊதாப் புள்ளிகள் நின்றன.

"ஓரமா நிறுத்திட்டு அசையாம இரு," என்றான் ரஸ்ஸல். "சூயி வண்டியில வர்றோம்."

சாலையோரச் சரளையில் ஒதுக்கினாள். முன்னிருந்ததும் ஒதுங்கியது. வேறு யாரோ பனியில் வழி தெரியாதவன், பாவம், நம்மை நம்பி நிற்கிறான் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் இறங்கினால் காலடி கேட்கும் என்று என்ஜினை அணைத்தாள்.

என்ஜின் சத்தம் நிற்கவில்லை.

சாவியைப் பார்த்தாள். அணைந்திருந்தது. பெடலில் அதிர்வு இல்லை. சத்தம் முன்னாலிருந்து வந்தது. எட்டுத் துடிப்பில் ஒன்று மட்டும் அரை மூச்சு தாமதமாக விழும் சத்தம். அந்தப் பிசகை எத்தனை பேர் சரிசெய்யச் சொல்லியும் அவள் செய்யவில்லை. அது அவளுக்குப் பிடிக்கும். ஆயிரம் கார் நடுவிலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அது அவளுடைய என்ஜின்.

சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி. ஹார்ன். ஒன்றுமில்லை.

"அக்கா, உன் விளக்கு தெரியுது," ரேடியோவில் ரஸ்ஸல். "நின்னுட்டோம். இறங்கி வர்றேன்."

அவளுடைய விளக்குகள் எரியவில்லை. கண்ணாடியில் பின்னால் வெறும் வெள்ளை.

ஆனால் சரளையில் காலடி கேட்டது. ரஸ்ஸலின் நடைதான், இடது குதிகாலைத் தேய்க்கிற நடை. வெல்மாவின் கண்ணில் நீர் முட்டியது. ஒடுங்கிய ஜன்னலுக்கு வெளியே அவனுடைய நீலச் சட்டை வந்தது. கைக்கெட்டும் தூரம். சட்டைப் பொத்தான் கதவில் உரசிக் கிறீச்சிட்டது.

அவன் நிற்கவில்லை.

"ரஸ்ஸல்!"

கண்ணாடியை அறைந்தாள். கதவுப் பொத்தானை அழுத்தினாள். கட்டைவிரல் வெளுக்கும்வரை. பூட்டு அசையவில்லை. ஜன்னலை இறக்கினாள், தோள் நுழையவில்லை, தலைகூட நுழையவில்லை. அவளே அளந்து அறுத்த இடைவெளி. கையை மட்டும் நீட்டினாள். விரல்நுனி அவன் முதுகைத் தொட்டது. குளிரடித்தாற்போல அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஊதா வெளிச்சத்தை நோக்கிப் போனான்.

"ரஸ்ஸல், அது நானில்லை! ஏறாதே!" ரேடியோவில் கத்தினாள். முன்னால், அவன் கையிலிருந்த ரேடியோ விசிலடித்தது. வெறும் விசில்.

"உன் ரேடியோவை அணைச்சிடுக்கா, காது கிழியுது," என்று அவன் யாரிடமோ சொன்னான். அவன் விரல் ரேடியோப் பொத்தானிலேயே அழுந்தியிருந்ததோ என்னவோ, எல்லாம் கேட்டது. க்ளிக். கதவு திறக்கிறது. இருக்கைத் தோல் முனகுகிறது. "கை ஏன் இப்படி ஐஸ் மாதிரி இருக்கு? பயந்துட்டியா?"

"கொஞ்சம்," என்றாள் வெல்மா.

அவள் வாய் திறக்கவில்லை. ரேடியோவில் வந்தது அவள் குரல்.

"காலைல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா. மனசுல வெச்சுக்காதே."

"நீயா இதைச் சொல்றே? போக்கா. வா, போவோம். கோப்பை வாங்கணுமே."

"கோப்பை கிடக்கட்டும். வீட்டுக்குப் போலாம். கொலீன் தனியா இருப்பா. குழந்தை பிறக்கற வரைக்கும் நான் அங்கேயே உங்ககூட இருக்கேன்."

"நிஜமாவாக்கா?" சின்ன வயதில் சிரிப்பதுபோல் சிரித்தான். "சூயி, கேட்டியா? திரும்புறோம்."

"நல்லதாப் போச்சு அம்மணி," என்றான் சூயி. "நான் முன்னாடி போறேன். பின்னாடியே வாங்க."

எங்கோ பிக்கப் வளைந்து திரும்பும் சத்தம். தேய்ந்து போனது.

ஊதா விளக்குகள் மெல்லச் சுழன்றன. முகப்பு வெளிச்சம் அவள்மேல் விழுந்து தாண்டியது. தாழ்ந்த கூரை. அவளே பூசிய கரும்பச்சை. சாலையின் மறுபக்கமாக, நடைவேகத்தில், அவளைக் கடந்தது.

உள்ளே ரஸ்ஸல் கையை ஆட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்துக் கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டிருந்தது.

ஓட்டுகிறவளின் கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவிகூட இல்லை.