காற்றை முகரும் பெட்டி

குழந்தையின் அறைக்குள் அவள் கால் வைத்ததும் சுவரில் இருந்த பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பானது. சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. முந்தின நாள்தான் கொழுந்தன் வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதற்குக் கீழே, அதுவரை இருக்கும் இடம் தெரியாமல் நின்றிருந்த காற்றுச் சுத்திகரிப்பான் மெல்ல முனகி, முனகல் ஏறி ஏறி, முழு வேகத்தில் இரையத் தொடங்கியது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெயின்ட் வாடை போய் மூன்று வாரமான சுவர், வெயிலில் காய்ந்து மொடமொடத்த திரைச்சீலை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையோடு ஒரு தொட்டில்கட்டில். பகல் பதினொரு மணி. கெட்டுப்போகிற பொருள் என்று அந்த அறையில் அவளைத் தவிர வேறெதுவும் இல்லை.

கூடத்துக்கு வந்தாள். முதுகுக்குப் பின்னால் இரைச்சல் தணிந்தது. இங்கே கூடத்துப் பெட்டி சிவந்தது. சமையலறைக்குப் போனாள், அங்கும் அதே கதை. படுக்கையறையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து பார்த்தாள். இருபது எண்ணுவதற்குள் தலைக்கு மேல் சிவப்பு. சீ, என்ன கண்றாவி இது என்று தன் முழங்கையை முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

குழந்தை பத்து வாரம் முந்திப் பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த கொழுந்தன், "சுண்டெலி மாதிரி இருக்காளே அண்ணி" என்றதில் அந்தப் பெயரே நிலைத்தது. ஆஸ்பத்திரியில் நாற்பது நாளாகிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், ஒரே நிபந்தனையோடு: நுரையீரல் இன்னும் பிஞ்சு, புகையோ பூஞ்சையோ அழுகலோ அண்டக் கூடாது, வீட்டுக் காற்று சுத்தமாக இருக்க வேண்டும். அவளுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்ததால் இரண்டு வாரமாக அவளை உள்ளே விடவில்லை. காலையும் மாலையும் அவள் கறந்து தரும் பால் மட்டும் ஐஸ் பையில் கணவனோடு போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பெட்டிகள் வந்ததே பெரிய பஞ்சாயத்துக்குப் பிறகுதான். வீடுகளில் இந்த மாதிரிக் கருவிகளை மாட்டிக் கொடுப்பது கொழுந்தனுக்குத் தொழில், அதைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்கு. "தொட்டிலுக்கு மேல ஒரு கேமரா, மெத்தைக்குக் கீழ மூச்சை எண்ணற பட்டை. எல்லாத்தையும் நெட்டுல கோத்து விட்டுட்டா நீங்க மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே சுண்டெலியைப் பாத்துக்கலாம் அண்ணி."

அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. திரையை விலக்கிக்கொண்டு யார் யாரோ வந்தார்கள். வயிற்றை அமுக்கினார்கள், மாரை அமுக்கினார்கள், அவள் முகத்தைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு போனார்கள். இனி ஒரு கண்கூடத் தன் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

"கேமரா வேணாம் தம்பி. நெட்டும் வேணாம். நம்பரு, கோடு, படம் எதுவும் எனக்கு வேணாம். காத்து நல்லாருந்தா பச்சை, சுமாருன்னா மஞ்சள், இல்லன்னா சிவப்பு. அவ்வளவு போதும்."

"நீங்க கேக்கறது ஸ்மார்ட் வீடு இல்ல அண்ணி, டிராஃபிக் சிக்னல்" என்று சிரித்தான். ஆனாலும் கேட்டபடியே செய்து கொடுத்தான். நான்கு அறைக்கு நான்கு பெட்டி, கூடத்துக்கும் குழந்தையின் அறைக்கும் ஒவ்வொரு சுத்திகரிப்பான், நடுவில் அவற்றுக்கு ஒரு மூளை, வெளியுலகத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கிளம்பும்போது அந்த மூளையைத் தட்டிச் சொன்னான்: "இந்த வீட்டுக்குள்ள நடக்கறது இந்த வீட்டை விட்டு வெளிய போகாது. போதுமா?" அந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தையல்தான் காரணம் என்று முதலில் நினைத்தாள். துணியைப் பிரித்துப் பார்த்தாள். புண் ஆறி, விளிம்பில் பொருக்குத் தட்டியிருந்தது. அன்று மட்டும் மூன்று முறை குளித்தாள். நகத்தடி, காது மடல், தொப்புள் என்று தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்தது. தலைமுடியை முகர்ந்தாள், கழற்றிப் போட்ட துணியை முகர்ந்தாள், உள்ளங்கையில் ஊதி மூச்சை முகர்ந்தாள். ஈரத்தலையோடு கூடத்துக்கு வந்தால், சிவப்பு. சொந்த உடம்பின் மேலேயே ஓர் அருவருப்பு வந்து ஒட்டிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் தன் விரல் வாய்க்குப் பக்கத்தில் வருவதே பிடிக்கவில்லை.

கணவன் வேலையிலிருந்து வந்ததும் கழுத்தை நீட்டி, "மோந்து பாருங்க" என்றாள்.

"பால் வாசனை அடிக்குது. வேறென்ன அடிக்கும்?"

"நாறலையா?"

"உனக்குத் தூக்கம் பத்தலை. வேற ஒண்ணுமில்ல."

அவன் தனியாக எந்த அறைக்குப் போனாலும் விளக்கு பச்சையாகவே இருந்தது. புதன்கிழமை கொழுந்தன் வந்து பெட்டிகளை இடம் மாற்றி மாட்டினான், தன் சட்டையில் வாசனைத் திரவியத்தை அடித்துக்கொண்டு சோதித்தான். அது மஞ்சளுக்குப் போய் உடனே திரும்பியது. அவள் பக்கத்தில் வந்தாள். சிவப்பு. அவன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணி. கெட்ட காத்துன்னு மட்டும்தான் இதுக்குச் சொல்லத் தெரியும், என்ன நாத்தம்னு தெரியாது. நெட்டுல கோத்தா கம்பெனிக்காரன் வெச்சிருக்கற பட்டியலோட ஒப்பிட்டுப் பேரே சொல்லிடும். ஆனா இதுவரைக்கும் இந்த வீட்டுல மோந்தது அத்தனையும் அவனுக்குப் போயிடும். அதான் கண்டிஷன்."

"வேணாம்" என்றாள். அவளை யாரோ ஒரு கம்பெனிக்காரன் முகர்ந்து பார்ப்பதை நினைக்கவே கூசியது.

மறுநாள் காலை அவள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குள் அவள் நிற்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கூடத்து விளக்கு பச்சை. கணவன் சமையலறையிலிருந்து ஐஸ் பையோடு வந்து, வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டினான். விளக்கு சிவந்தது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் பச்சை.

அவள் உள்ளே இல்லை. உள்ளே இருந்தது ஐஸ் பைதான்.

பிறகு சமையலறைப் பெட்டியைச் சுவரிலிருந்து பிரித்து, பால்கனியிலிருந்து தெரிகிற மேஜைமேல் வைத்தாள். அதன் முன்னால் முதலில் குப்பைக் கூடையை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் வெங்காயத்தோல், முட்டை ஓடு. அவள் நகர்ந்ததும் விளக்கு மஞ்சளாகி, மஞ்சளிலேயே நின்றது. அடுத்து அவசரத்துக்கென்று வாங்கி வைத்த பவுடர் பாலைக் கரைத்து வைத்தாள். பச்சை. கடைசியாக ஃப்ரிட்ஜிலிருந்து அவள் காலையில் கறந்த பாலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து வைத்துவிட்டு வந்தாள். சிவப்பு. அவள் காத்திருந்தாள். கால் மணி நேரம். சிவப்பு மாறவில்லை. கூடத்து இயந்திரமும் சேர்ந்து இரைந்தது. பிறகு குழந்தையின் அறையில் இருப்பதும்.

பாட்டிலைக் கையில் எடுத்தாள். வெள்ளை வெளேர் என்று, மேலே லேசாக ஏடு கட்டிய பால். மூக்கை உள்ளேயே விட்டு முகர்ந்தாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். தித்திப்பாக இருந்தது. தித்திப்பாக இருந்ததுதான் தாங்கவில்லை. தொட்டியில் குனிந்து வாந்தியெடுத்தாள். இந்தப் பாலைத்தான் குழந்தை நாற்பது நாளாகக் குடிக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"சூப்பரா குடிக்கறாம்மா" என்றார் நர்ஸ். "ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டா. காலி பாட்டிலைக் கூட விட மாட்டேங்கறா. ஒண்ணுதான் வேடிக்கை, இவ பால் குடிக்க ஆரம்பிச்சா பக்கத்துக் குழந்தைங்க எல்லாம் ஒண்ணா அழுவுதுங்க. முடிச்சதும் நிறுத்திடுதுங்க."

"அந்தப் பாலைக் கொட்டிடுங்க."

"ஏம்மா?"

பவுடர் பால் கொடுக்கச் சொன்னாள். "நல்ல பாலை யாராவது கொட்டுவாங்களா? ஃப்ரீசர்ல இருக்கறதைக் கொடுத்து முடிச்சிட்டு அப்புறம் மாத்திக்கலாம்" என்று நர்ஸ் போனை வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் அவளே கொழுந்தனைக் கூப்பிட்டு வழி கேட்டு, மூளையை நெட்டில் கோத்தாள். போனில் ஒரு பொத்தான். ஒரு கண்கூட வேண்டாம் என்று சொன்னவள்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.

'இந்த வாசனை எங்கள் பட்டியலில் உள்ளது. இறந்த உயிர், மூடிய இடம். பழையது. வாசனை வரும் இடத்தைக் கண்டுபிடித்து உடனே அப்புறப்படுத்தவும்.'

நெட்டைப் பிடுங்கினாள். ஃப்ரிட்ஜில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினாள், பாட்டில்களையும் கறக்கும் கருவியையும் பைக்குள் கட்டித் தெருக்கோடித் தொட்டியில் போட்டாள். டாக்டரிடம் பால் வற்ற மாத்திரை வாங்கினாள். கணவனிடம் தானாகவே நின்றுவிட்டது என்று சொன்னாள். மாரை இறுக்கிக் கட்டினாள். கல்லாகக் கட்டி, வலித்து, காய்ச்சல் அடித்து, ஒருவழியாக வற்றியது. அடுத்த வியாழக்கிழமை குழந்தையின் அறைக்குள் போய் நூறு எண்ணினாள். பச்சை. இன்னொரு நூறு எண்ணினாள். பச்சைதான். தொட்டில்கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இனி அவள் தன் குழந்தையைத் தூக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் கணவன் குழந்தையைக் கொண்டுவந்தான். "ஃப்ரீசர் பால் முந்தாநாள் தீந்துபோச்சு. அதுலேருந்து சுண்டெலி வாயே தொறக்கலையாம். பவுடர் பாலைக் கிட்டக் கொண்டுபோனா உதட்டை இறுக்கி மூடிக்கறாளாம். மூக்குல குழாய் வெச்சுத்தான் ஊட்டினாங்க. வீட்டுக்கு வந்தா சரியாயிடும்னு சொன்னாங்க."

அவள் வாசலிலேயே கூடத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை உள்ளே வந்தது. பச்சை. கூடத்தைத் தாண்டியது. பச்சை. அறைக்குள் போய், மெத்தையில் படுத்தது. பச்சை. அவள் பின்னாலேயே அறைக்குள் போனாள்.

"பால் கரைச்சு எடுத்துட்டு வரேன். நீ பாத்துக்கோ" என்று அவன் சமையலறைக்குப் போனான்.

சின்ன முகம். கோடு மாதிரி இறுகிய உதடு. குனிந்து தூக்கினாள். எவ்வளவு இலேசு. "அம்மாடி" என்றாள். "அம்மா வந்துட்டேன்டா."

குழந்தை கண்ணைத் திறந்தது. அவளைப் பார்த்தது.

வாயைத் திறந்தது.

அழவில்லை. சும்மா திறந்தது. இன்னும் திறந்தது.

விளக்கு சிவந்தது. இயந்திரம் முனகவில்லை, எடுத்த எடுப்பிலேயே அலறியது.

இப்போது அவளுக்கு வாசனை வந்தது. முதல் தடவையாக. நாள்பட்டது. ஈரமானது. அடைத்து வைத்து, மூடி வைத்து, அதற்குள்ளேயே தித்தித்துப் போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பின பக்கமும் அதே வாசனை.

கையை விட்டுவிடலாம். கீழே போட்டுவிடலாம். அந்த நினைப்பு வந்தது. கை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"என்ன சத்தம் அங்க?" சமையலறையிலிருந்து கணவன் கேட்டான். டம்ளரில் கரண்டி கலக்கும் ஒலி.

மார்பில் சுருக்கென்றது. வற்றிப்போன மார்பு. கட்டின துணிக்கு மேலே, சட்டைக்கு மேலே, சூடாக ஈரம் பரவியது. ஒரு பக்கம். பிறகு இன்னொரு பக்கம்.

குழந்தை ஈரத்தின் பக்கமாகத் தலையைத் திருப்பியது.

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "பசிக்குது அவளுக்கு." காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.