இறுகிப்போன ஆக்சிலேட்டர்

“வண்டி ஓடலன்னாலும் பரவாயில்ல. கெடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க” என்றார் பெயின்டர்.

அவருடைய பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஐந்து நாட்களுக்கு முன், பக்கவாதம் வந்த அப்பாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சிக்னலில் நின்றுபோன கார் அது. வேறு வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்பா பிழைத்துக்கொண்டார், பேச்சு போய்விட்டது.

“அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை என் தம்பி அவனே ரேடியோ மாட்டினான். அப்பா வாயை அடைச்சது அவன்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நான் அவனை விடல.”

அந்தத் தம்பியும் வந்திருந்தான். யாரும் உள்ளே கூப்பிடாததால் வெயிலில் நின்றான். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த ஷெட்டில் கார் ஒயரிங் பார்க்கும் பெண்மணிக்கு மீட்டரக்கா என்றுதான் பெயர். கூட வேலை செய்பவள் அவருடைய நாத்தனார். கைவேலையில் கெட்டி, முடிவு சொல்வதில் முந்திரிக்கொட்டை.

“ரேடியோதான் அண்ணி! சந்தேகமே வேணாம்.”

“ஃபியூஸ் போயிருக்கா?”

நாத்தனார் குனிந்து பார்த்தாள். “இல்ல. ஒயரும் கருகல.”

“அப்போ டார்ச்சைப் பிடி.” மீட்டரக்கா பெயின்டர் பக்கம் திரும்பினார். “நிக்கிறதுக்கு முன்னாடி வேற என்ன வித்தியாசம்?”

“சாவி போட்டா லைட் மங்கும். ரெண்டு நாளா ஆக்சிலேட்டரும் இறுக்கமா இருந்துச்சு.”

“மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா? அது பழசானா இறுகத்தானே செய்யும்!” என்றாள் நாத்தனார்.

மீட்டரக்கா குனிந்து பார்த்தார். பானெட்டுக்குள் ஒரு மூலை மட்டும் பச்சையாகப் பளபளத்தது. “இது யார் வேலை?”

“நான்தான். ரேடியோ மாட்டினதுக்கு முந்தின நாள். துருவைப் பாத்தா என் கை சும்மா இருக்காது. அங்க ஒரு பட்டையைப் பிடிச்சிருந்த போல்டைக் கழட்டி, அடியில கூட விடாம ரெண்டு கோட் அடிச்சு, காஞ்சதும் மாட்டினேன். ஒயரைத் தொடவே இல்லீங்க.”

மீட்டரக்கா அந்த போல்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தம்பியை உள்ளே கூப்பிட்டார்.

ஷெட்டில் இருந்த நல்ல பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார்கள். ‘டக்’ என்றது, அவ்வளவுதான். தடித்த ஒயர் ஒன்றால் இன்ஜினையும் பெயிண்ட் இல்லாத பாடி இரும்பையும் இணைத்தார் அக்கா. மறு திருப்பில் கார் உறுமிக் கிளம்பியது. ரேடியோவும் பாடியது. யாரும் சிரிக்கவில்லை.

“பேட்டரியிலேர்ந்து போற கரண்ட் திரும்பி வரணும்” என்றார் அக்கா. “இன்ஜின்லேர்ந்து பாடிக்கு வர்ற வழி அந்த போல்ட்ல மாட்டின பட்டைதான். இரும்பை இரும்பு தொட்டாத்தான் அது வழி. நடுவுல பெயிண்ட் வந்திடுச்சு. அதனால கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியா ஓடிருக்கு. கேபிள் சூடாகி, உறை உருகி இறுகிடுச்சு. பேட்டரியும் சார்ஜ் ஏறாம செத்துடுச்சு. ரேடியோவால இருந்தா முதல்ல ஃபியூஸ்தான் போயிருக்கும்.”

நாத்தனார் கேபிளை உருவிக் காட்டினாள். உறை உருகி ஒட்டியிருந்தது. ஐயோ, இதைப் பெயின்டரிடம் காட்டத்தான் வேண்டுமா என்று அவளுக்கே இருந்தது.

பெயின்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நல்லா இருக்கணும்னுதானேங்க அடிச்சேன்.”

தம்பி பக்கத்தில் குந்தினான். “அண்ணே, விடு. கார் பழசு, அதான் நின்னுடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிக்கலாம்.”

“வேணாம்டா.” பெயின்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னிக்கு உன்னை ஆஸ்பத்திரி உள்ள கூட்டிட்டுப் போறேன். அப்பா முன்னாடி நானே சொல்றேன். அவரால திட்டக்கூட முடியாதேடா.”