வாயில் நின்ற சொல்

உடம்புச் செயலிகளைத் திருத்தும் தூத்துக்குடி நிறுத்தகத்தில் காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கை நடுங்கிய ஒருவரை நிறுத்தி, திருத்தி, ஓடவிட்டு அனுப்பிய கையோடு இளவெயினி தேநீரைக் கையில் எடுத்தாள். வழுநீக்குநர் வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு. அவளும் அதை மறுத்ததில்லை.

எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவதுதான் முன்காலத்து ஆட்களின் வைத்தியம். அது வீட்டுச் சாமானுக்குச் சரி. பக்கவாதத்தில் பேச்சும் நடையும் போனவர்களின் கழுத்துக்குக் கீழே, அவற்றை மீட்டுத் தரும் துணைச்செயலி வந்து உட்கார்ந்த பிறகு அந்த வைத்தியம் செல்லாமல் போனது. அணைத்தால் அது வருடக்கணக்காகக் கற்ற நடை அழிந்துவிடும். ஆள் மறுபடி குழந்தைபோலத் தவழ வேண்டியதுதான். ஆகவே, ஓடுகிற செயலியை ஓட்டத்தில் நிறுத்தித்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் கஸ்பார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பின்னாலேயே மகள் ஜெனோவா, நான்கு அடி தள்ளி, கைப்பேசியைப் பார்த்தபடி.

"சும்மா நடந்தா ஒண்ணுமில்ல மேடம். பேசிக்கிட்டே நடந்தாத்தான் இடது முட்டி பூட்டிக்கிடுது," என்றார் கஸ்பார்.

"அப்ப பேசாம நடக்க வேண்டியதுதான?"

"அதத்தான் ஒரு வருசமா பண்ணுதாரு," என்றாள் மகள், தலையைத் தூக்காமலே.

விஷயம் இதுதான். ஜெனோவா நிலவுத் தளத்தில் வேலைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்த வீட்டில் மிச்சமிருப்பது இவள் ஒருத்தி. நாளை குலசை ஏவுதளத்திலிருந்து விண்கப்பல் கிளம்புகிறது. திரும்பி வர மூன்று வருடம். அப்பா தடுத்தாலும் அவள் போகத்தான் போகிறாள். அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று மட்டும் அவளுக்கு ஆசை. இரத்த உறவு ஒருவர் சாட்சியாக இல்லாமல் யாரையும் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். இன்று அவள் வந்ததும் அதற்காகத்தான்.

சட்டத்துக்குக் காரணம் உண்டு. செயலி நின்ற கணத்தில் அதன் பதிவகங்களில், அதாவது அது கணக்கு வைத்திருக்கும் சிறு அறைகளில், இருக்கும் மதிப்புகள் எல்லாம் ஒரு தட்டில் இறங்கிவிடும். எந்த மூட்டு எவ்வளவு மடங்க வேண்டும், எந்தச் சொல் வெளியே வரப் போகிறது, அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது, எல்லாம் அந்தத் தட்டில் கிடக்கும். வழுநீக்குநர் படிப்பதும் எழுதுவதும் தட்டில்தான். ஓடவிட்டதும் தட்டில் உள்ளது அப்படியே செயலிக்குள் ஏறும். நடுவே என்ன மாறியது என்று அந்த மனிதருக்கே தெரியாது. வேண்டாம் என்பதை வேண்டும் என்று மாற்றி எழுத ஒரு விரல் போதும். எனவே படித்ததை வெளியில் சொல்லக் கூடாது. எழுதியதைச் சாட்சியிடம் சொல்லாமல் விடக் கூடாது.

செயலி நிற்கும்போது விழாமலிருக்கக் கஸ்பாரின் தோளில் தாங்குபட்டையை மாட்டினாள் இளவெயினி. வழக்கமாக வெளியிலிருந்து கட்டளை கொடுத்து நிறுத்துவாள். இந்தக் கோளாறோ பேச்சு தொடங்கும்போது மட்டும் வருவது. அதனால் சொல்லை வெளியே அனுப்பும் கட்டளையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன் இடத்தில், செயலி அங்கே வந்ததும் தானே நிற்கும்படி, நிறுத்தப்புள்ளி ஒன்றைப் பொறியாக வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஏதாவது பேசிக்கிட்டே நடங்க."

அப்பாவும் மகளும் கூடத்தின் கடைசிவரை ஊமையாக நடந்தார்கள். திரும்பும்போது கஸ்பார் மகளைப் பார்த்தார். வாய் திறந்தது. அப்படியே நின்றார்.

கோளாறு உடனே அகப்பட்டது. முட்டிக்கு உரிய பதிவகத்தைப் பேச்சு இரவல் வாங்கிக் குப்பையைப் போட்டு வைத்திருந்தது. இளவெயினி சரியான மதிப்பை எழுதினாள். இனி இரவல் வாங்கினால் பழையபடி திருப்பி வைக்கும்படி ஒரு சிறு துணுக்கையும் சேர்த்தாள். இரண்டையும் ஜெனோவாவிடம் சொன்னாள். ஓரமாக வைத்த கட்டளையை அதன் இடத்தில் வைத்து, ஓடவிட்டாள்.

கஸ்பார் வாயை மூடிக்கொண்டார், பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "முட்டி லேசா இருக்கு மேடம். செருப்பு எங்க?"

ஜெனோவாவின் முகம் விழுந்துவிட்டது. "மேடம், அப்பா எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தாவ."

இளவெயினி தான் செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். பொறியில் நின்ற செயலி அந்த இடத்தைத் தாண்டி ஓரடி வைத்துத்தான் நிற்கும். கட்டளையைத் திரும்ப வைத்தால் மட்டும் போதாது. அடுத்த கட்டளை எங்கே என்று காட்டும் சுட்டியையும் ஓரடி பின்னுக்கு இழுத்து எழுத வேண்டும். பயிற்சியின் முதல் வாரப் பாடம். அதை மறந்துவிட்டாள். செயலி அந்தக் கட்டளையைத் தாண்டியே போய்விட்டது. கஸ்பாரின் சொல் வெளியே வரவே இல்லை. எழுதாததைச் சாட்சியிடம் சொல்வதில்லையே, இது விடுபட்டது என்று ஜெனோவாவுக்கும் எப்படித் தெரியும்?

அடுத்த நோயாளி வரும்வரை தட்டின் நகல் இருக்கும். திரையைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். சொல் அங்கேயே நின்றது.

போகாத.

பேசாமல் இருந்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது, இந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல்லைவிட மௌனமே மேல். ஆனால் அது அந்த மனிதருடைய சொல். கசப்பானது என்பதற்காக அதைத் தன் பையில் போட்டுக்கொள்ள இவள் யார்? இளவெயினி கஸ்பாரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, எங்கிட்ட ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க சொல்ல வந்த ஒரு வார்த்தைய நான் விழுங்கிட்டேன். அது இன்னும் எங்கிட்ட இருக்கு. திரும்ப நிறுத்தி எழுதி விட்டா, நீங்களே சொல்ற மாதிரி வந்துடும். இல்ல, உங்களுக்கு மட்டும் படிச்சுக் காட்டறேன்."

"அதானா. நாக்கு வரைக்கும் வந்தது நழுவிப்போன மாதிரி இருந்திச்சு," என்றார் கஸ்பார். மகளைப் பார்த்தார். அவள் கைப்பேசியை எப்போதோ பைக்குள் போட்டிருந்தாள்.

"படிக்க வேண்டாம் மேடம். ஒரு வருசமா என் வாயில ஒரே வார்த்தைதான நிக்குது. வேற என்ன இருந்திருக்கும்?"

"அப்ப எழுதி விடட்டுமா?"

அவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கையூன்றி எழுந்தார்.

"வேண்டாம். போனது போகட்டும்."

இளவெயினி தாங்குபட்டையை நீட்டினாள். "பேசிக்கிட்டே நடந்து பாத்தாத்தான் முட்டி சரியாச்சான்னு தெரியும்." சொல்லும்போதே, இந்த முறை வழியில் எங்கும் பொறி இல்லை என்பதை இருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

கஸ்பார் பட்டையை வாங்கவில்லை. மகளின் தோளில் கை வைத்தார். இரண்டடி நடந்தார்.

"ஏளா, நிலாவுல சோறு ஆக்குவாங்களா, இல்ல மாத்திரைதானா?"

ஜெனோவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சோறு உண்டுப்பா."

"மீனு?"

"மீனுக்கு எங்கப்பா போக?"

"அப்ப கருவாடு கட்டித் தாரேன், கொண்டு போ." முட்டி மடங்கி நிமிர்ந்தது, மடங்கி நிமிர்ந்தது. "நல்லபடியா போயிட்டு வா."

கூடத்தின் கோடியில் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெனோவா மட்டும் ஒருமுறை திரும்பி ஓடி வந்தாள்.

"மேடம், அப்ப அப்பா என்ன சொல்ல வந்தாவ?"

"படிச்சதச் சொல்லக் கூடாதும்மா. போ, கருவாட்டுக் கடைக்காரன் மத்தியானத்துக்குப் பூட்டிடப் போறான்."

அவள் போனதும் இளவெயினி தன் தவறை முறைப்படி மேலிடத்துக்கு எழுதி அனுப்பினாள். தட்டின் நகலில் அந்தச் சொல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அடுத்த நோயாளி வருவதற்குக் காத்திராமல் அதைத் தன் கையாலேயே அழித்தாள். தேநீர் ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தாள்.