மொண்ணையாகாத இரண்டு கத்திகள்

“கூரா இருந்திருந்தா அவர் விரல் தப்பிச்சிருக்கும் சார். கூரான கத்தி வெங்காயத்துல இறங்கும். மொண்ணைக் கத்திதான் தோல்ல வழுக்கி விரலுக்கு வரும்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். மொண்ணைக் கத்தி. வாங்கினது நீங்க, ஸ்டோரம்மா.”

புதன்கிழமை, காலை 9.40. முந்நூறு பேருக்குச் சமைக்கும் மருத்துவமனை கேன்டீன். மேடையில் பாதி வெட்டிய வெங்காயம், பக்கத்தில் இரண்டு சொட்டு ரத்தம். வெங்காயத்தைத் தொட்டாலே கண்ணில் நீர் கொட்டுவதால் ‘மழை’ என்று பெயர் வாங்கிய காய்வெட்டி, கட்டுப்போட்ட விரலை உயர்த்திப் பிடித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். தையல் அறையிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

மேனேஜரின் கையில் ஒரு ஆர்டர் படிவம் இருந்தது. பதினொரு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் பளபளக்கும் வெளிநாட்டுக் கத்திகள் வரும். பழையவை காயலான் கடைக்குப் போகும். இனி சாமான் வாங்கும் வேலையும் வேறு ஆளுக்கு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

ஸ்டோர் பொறுப்பும் சாமான் வாங்கும் வேலையும் பார்க்கும் ஸ்டோரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த ஆறு கத்திகளும் அவள் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கியவை. பெயரைப் பார்க்கவில்லை, பளபளப்பைப் பார்க்கவில்லை. தகடு மெல்லிசாக இருக்கிறதா, பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடுகிறதா, மூன்று ஆணியும் ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தாள். திங்கள்தோறும் சாணைக்கல்லை நீரில் ஊறவைத்து, பக்கத்துக்கு இருபது இழுப்பு என்று தன் கையாலேயே தீட்டுவாள். நேற்று முன்தினமும் தீட்டினாள். நேற்று ஒரு நாள், மகளைப் பள்ளியில் சேர்க்க லீவு போட்டிருந்தாள்.

“ஒரு கூடை தக்காளி குடுங்க” என்றாள்.

9.50. ஐந்து பெரிய கத்திகளும் தக்காளியைக் கிழிக்காமல் நசுக்கின. ஆறாவது, உருளைக்கிழங்குத் தோல் சீவும் சின்னக் கத்தி, இருப்பதிலேயே மலிவு. அது தக்காளியில் வெண்ணெயில் போவதுபோலப் போனது.

மேடையின் கோடியில் நின்ற தலைமைச் சமையல்காரர், எல்லாருக்கும் மாஸ்டர், தன் சொந்தக் கத்தியை எடுத்தார். ஒரு மாதச் சம்பளம் போட்டு வாங்கியது. அதுவும் தக்காளியைச் சத்தமில்லாமல் இரண்டாக்கியது.

“நேத்து நாற்பது கிலோ கேரட்டு. காய் வெட்டுறவங்களோட சேர்ந்து நானும்தான் நாள் பூரா வெட்டினேன். இதுக்கு என்ன ஆச்சு, பாருங்க. காசுக்கேத்த சரக்கு, ஸ்டோரம்மா.”

அவள் ஒரு பெரிய கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக, வாய் மேலே வரும்படி பிடித்தாள். கூரான வாயில் வெளிச்சம் நிற்க இடமிருக்காது. இதில் நின்றது. பிடியிலிருந்து கிளம்பிய வெள்ளைக் கோடு, நுனிக்கு மூன்று விரல் முன்னால் நின்றுபோனது. மற்ற நான்கிலும் அதே கோடு, அதே இடத்தில்.

வேண்டுமென்றே கல்லில் தேய்த்திருந்தால் நுனியும் மழுங்கியிருக்கும். வெட்டும்போது கீழே படாத நுனி மட்டும் பிழைத்திருக்கிறது என்றால், கத்தி பட்ட இடத்தில்தான் வினை.

நான்கு மரப்பலகைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று இன்றைய வெங்காயத்தில் நனைந்திருந்தது. ஒன்றில் கேரட்டின் ஆரஞ்சு நிறம் ஊறியிருந்தது. மற்ற இரண்டும் திங்களன்று கழுவி வைத்த வெளுப்பு மாறாமல் இருந்தன.

“அண்ணே, நேத்து எதுல வச்சு வெட்டினீங்க?”

“கண்ணாடியிலம்மா” என்றார் மழை. “சுகாதார ஆபீசர் வர்றாரு, மரம்னா கிருமின்னு எழுதுவாருன்னு, ஃபிரிட்ஜ் தட்டுங்களைக் கழட்டிக் குடுத்தாங்க.”

அதற்குள் தையல் அறையிலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிப்போனார். மேனேஜர் தொண்டையைச் செருமினார். யோசனை மாஸ்டருடையது, சரி என்றது தான் என்று ஒத்துக்கொண்டார். ஸ்டோரம்மா ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாத்திரத்தைத் தூக்கினாள். அடியில் கண்ணாடி முழுக்க மயிரிழைக் கீறல்கள்.

“அப்போ தெரியாம நடந்த தப்பு” என்றார் மேனேஜர், நிம்மதியாக.

“உங்களுக்குத் தெரியாது சார். ஒருத்தருக்குத் தெரியும்.”

10.15. அவள் சின்னக் கத்தியையும் மாஸ்டரின் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“இரும்பு மட்டம்னா முதல்ல மழுங்க வேண்டியது இந்தச் சின்னதுதான். மழுங்கல. ஏன்னா இதைக் கையில வச்சே சீவுவோம், கீழே படாது. சரி, மாஸ்டர் கத்தி? மரம் மாதிரி கண்ணாடி விட்டுக்குடுக்காது, எந்தக் கத்தி வாயையும் மழுக்கிடும். கத்தியோட விலை அதுக்குத் தெரியாது சார். நாள் பூரா அதுல வெட்டியிருந்தா இதுவும் தக்காளியை நசுக்கும். நாலு பலகையில ஒண்ணு மட்டும் ஆரஞ்சு. மத்தவங்களுக்குக் கண்ணாடியைக் குடுத்துட்டு, தனக்கு மட்டும் மரத்தை எடுத்துக்கிட்டவருக்குக் கண்ணாடி என்ன பண்ணும்னு தெரிஞ்சிருக்கு.”

புதுக் கத்திகள் வேண்டுமென்று மாஸ்டர் மூன்று முறை எழுதிக் கேட்டதும், தேவையில்லை என்று மூன்று முறையும் அவள் திருப்பி அனுப்பியதும் அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அவள் ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தாள். அடியில், மெருகு பூசாத சொரசொரப்பான வளையம். மழையின் விரலை வெட்டிய கத்தியைச் சாய்த்து, முதுகுக்குக் கீழே இரண்டு நாணயம் வைக்கும் அளவு இடம் விட்டு, அவசரமில்லாமல் இழுத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு ஜன்னலில் பிடித்தாள். வெள்ளைக் கோடு இல்லை. தக்காளியில் ஒரு வில்லை எடுத்து மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தாள். வில்லைக்கு அடியில் கைரேகை தெரிந்தது. அந்த வில்லையை அவள் பார்த்த பார்வையில், பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்கும் தாயின் நிமிர்வு இருந்தது.

மேனேஜர் படிவத்தை நான்காக மடித்தார். “அடுத்த வருஷமும் நீங்களே வாங்குங்க” என்று சொல்லிவிட்டு, மேலிடத்துக்குப் போன் செய்ய வெளியே போனார்.

10.40. சமையலறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அவள் இரண்டாவது கத்தியை எடுத்து இழுக்கத் தொடங்கினாள். மாஸ்டர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நல்ல சாமான் வரட்டும்னுதான் செஞ்சேன். யாரு கையும் அறுபடும்னு நினைக்கலம்மா.”

அவள் கத்தியைத் திருப்பி மறுபக்கம் இழுத்தாள்.

“மேனேஜர் என்ன வேணா எழுதட்டும், வாங்கிக்கிறேன். பதினோரு வருஷமா மழை என் பக்கத்துலயே நிக்கிறான். நான் எதைக் குடுத்தாலும் ஏன்னு கேக்காம வெட்டுவான்.”

வராந்தாவில் மழையின் செருப்புச் சத்தம் நெருங்கியது. மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அவன்கிட்ட மட்டும், நான் தெரிஞ்சேதான் கண்ணாடியைக் குடுத்தேன்னு சொல்லாதீங்கம்மா.”