கொசுறுச் சிலுவை

விலையே சொல்ல முடியாத அந்தக் கறுப்புத் துணிக்குச் சந்தனமேரி விலை சொன்னாள்: பார்க்க ஐந்நூறு, படமெடுக்க ஆயிரம். மெர்லின் இரண்டையும் சேர்த்து எழுநூற்றில் பேரத்தை முடித்தாள். துணிக் கலைஞர்களில் தன்னைப் போலக் கறார் யாருமில்லை என்று அன்றைக்கு ஒரே பெருமை.

பத்து நாள் கழித்து, ஆவூரில் சந்தனமேரியின் பழைய வீட்டுக்கு உச்சி வெயிலில் மறுபடி வந்தாள். வளையலை அடகு வைத்த பணம் பையில் இருந்தது. பேரம் பேசத் தெம்பில்லை.

உள்ளே இருட்டு. அணைந்த மெழுகுவர்த்தி வாடை. சந்தனமேரியின் புருஷன் வீட்டார் நாலு தலைமுறையாகச் சேர்த்த மாதா கோயில் துணிகள் அலமாரியில் மடிந்திருந்தன. கறுப்புத் துணி மட்டும் மேசைமேல் விரிந்து கிடந்தது. சவப்பெட்டிமேல் போர்த்துவது அது. போர்த்திய ஒவ்வொருவருக்கும் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு சிலுவை. மொத்தம் அறுபத்தொன்பது.

சென்னைக் கண்காட்சிக்காக மெர்லின் அன்றைக்கு எடுத்த படத்தைப் பார்த்துத் திரை ஒன்று தைத்திருந்தாள். ஒரு மூலை மொட்டையாக நின்றது கண்ணை உறுத்தவே, கொசுறு போட்டதுபோல ஒன்று கூட்டி எழுபதாக்கினாள்.

முடிச்சுப் போட்ட நிமிஷம், பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் ஜெனிஷா சாய்ந்தாள். மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றார்கள் டாக்டர்கள்.

"அதப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றாள் சந்தனமேரி.

"நாலு தடவ பிரிச்சேன்க்கா. திரும்பிப் பாக்கறதுக்குள்ள முளைச்சிருக்கு."

"யாரு பேரச் சொல்லித் தச்சீங்க?"

"பேரா? அது டிசைன்க்கா."

சந்தனமேரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எழுநூறுக்கு அம்புட்டுப் பேசுன வாயி, இத ஒரு வார்த்த கேக்கப்படாதா? செத்தவுக பேரச் சொல்லித்தான் ஊசியக் குத்துவோம். பேரில்லாத தையலு, பக்கத்துல இருக்கவுகள எடுத்துக்கும்."

"எவ்வளவு வேணும்னாலும் தாரேன். மாத்திக் குடுங்க."

"பேர வேணா மாத்தலாம். கணக்கக் கொறைக்க முடியாது."

எங்கோ நூல் இழுபடும் சத்தம்.

வீட்டில் வேறு யாருமில்லை.

மெர்லின் பையிலிருந்து திரையை எடுத்தாள். எழுபதாவது சிலுவையின் மேலேயே ஊசியைக் குத்தினாள்.

"மெர்லின்" என்றாள், மெல்ல.

விரல் நுனி மரத்தது.

பிறகு மணிக்கட்டு.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கணவன் ஃபிரெடி. "பாப்பா எந்திரிச்சு உக்காந்துட்டா. இட்லி கேக்குறா. நீ எப்ப வார?"

"ஊட்டி விடுங்க" என்றாள். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

வைத்ததும் மறுபடி அடித்தது. அறந்தாங்கி எம்பிராய்டரி பட்டறை பிரசாந்த். கண்காட்சியில் விற்பதற்கான நாற்பது துப்பட்டாவுக்கு எழுபது சிலுவையோடு அதே டிசைனை, ஜெனிஷா சாய்வதற்கு முன்பே அவனுக்கு அனுப்பியிருந்தாள்.

"நிப்பாட்டு தம்பி" என்றாள் திணறி.

"நிப்பாட்டத்தான்க்கா பாக்குறேன்." ஊசிச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "காலையிலருந்து கரண்டே இல்ல. மிஷினு அதுபாட்டுக்குத் தைக்குது."

"எத்தன முடிஞ்சுது?"

"ஆறு. இங்க வேல பாத்த ஆறு பேரும் பேச்சு மூச்சில்லாமக் கெடக்காங்க. நான் மட்டும்தான்..."

பேச்சு நின்றது.

ஊசிச் சத்தம் நிற்கவில்லை.

மெர்லினின் கையிலிருந்து நழுவிய போனைச் சந்தனமேரி குனிந்து எடுத்தாள். காதில் வைத்துக் கேட்டாள்.

நாற்பது துப்பட்டா. ஏழு முடிந்தது. பாக்கி முப்பத்து மூன்று.